ஆளுக்கொரு என்ஜின்

"உனக்குப் பார்த்து மீன் வாங்கவே தெரியாது. நீ என்ஜினுக்குத் தீர்ப்புச் சொல்லப் போறியோ?" என்று அம்மா கேட்டார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். களனிப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். (இதுவரைக்கும் கடைசி ஆளும் நான்தான் என்பதை மாமாவின் மகன்மார் கவனத்துக்கு இங்கே குறித்து வைக்கிறேன்.) வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். அந்தத் தவணை நான் படிப்பித்துக்கொண்டிருந்த பாடத்தின் பெயர் 'தீர்மானம் எடுத்தல்'. அப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் மீன் கதை கதைக்கலாமா?

பட்டப்படிப்புச் சான்றிதழ் மாட்டியிருந்த சுவரை மட்டும் ஒருமுறை பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

விசயம் இதுதான். அப்பா குருநகரில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். வேலை செய்த காலம் முழுக்கத் துறைமுகத்தில் லோஞ்சு எனும் சிறு கப்பல்களில் கயிறு எறிகிற ஆள். லோஞ்சு கரைக்கு வரும்போது கயிற்றை எறிந்து கட்டுவார், போகும்போது அவிழ்ப்பார். சுக்கான் பிடிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் சுக்கான்காரர் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில்கூட அவர் கையில் யாரும் அதைக் கொடுத்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு, அம்மாவின் தம்பி ராஜன் மாமாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய மோட்டார்ப் படகு வாங்கினார்கள். முன்பு நீர்கொழும்புப் பக்கம் உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்த படகு. வெளியே வெள்ளை வெளேரென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே இடதும் வலதுமாக இரண்டு டீசல் என்ஜின்கள், இரண்டும் நெஞ்சு வருத்தக்காரர்கள். ஸ்டார்ட் பண்ணினால் முதலில் இருமும், பிறகு கறுப்பாகத் துப்பும், பிறகு யோசிக்கும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். எங்கள் கோயில் திருநாளில் மாதா சொரூபத்தைப் படகில் வைத்து முகத்துவாரக் கடலில் பவனி கொண்டுபோவது வழக்கம். வழமையாகச் சொரூபம் ஏற்றுகிற படகை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம்.

"உம்மட படகைத் தருவீரோ?" என்று அப்பாவிடம் கேட்டார் சுவாமியார். "நீரே ஓட்டவும் வேணும்."

"ஓம் சுவாமி" என்றார் அப்பா. அந்தப் படகுக்கு என்ஜின் இருக்கிறதா இல்லையா என்பதே அப்போது விவாதத்துக்குரிய விசயம். ஆனால் அடுத்த நாளே ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். கோயிலடியில் யாரைக் கண்டாலும், கேட்காமலே, "இந்த முறை மாதாவை நான்தான் கொண்டுபோறன்" என்று சொல்லத் தொடங்கினார். அப்பா இவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை.

என்ஜின்களைப் பிரித்துக் கட்டுவதா, தூக்கி எறிந்துவிட்டு ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் என்ஜின் போடுவதா என்பதில் வீடு இரண்டாகியது.

"உது செத்த என்ஜின் இல்லை. களைச்சுப்போன என்ஜின்" என்றார் அப்பா. "பிரிச்சு, ரிங் மாத்தி, பெயாரிங் மாத்திக் கட்டினால் இன்னும் பத்து வருசம் ஓடும்."

மாமா ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறிகளோடு வாழ்கிறவர். அவருடைய உலகத்தில் பழுதானது எதுவும் திருத்தப்படுவதில்லை, கழற்றி எறியப்படும். "அத்தான், கிழட்டு என்ஜினுக்குப் புது ரிங் போடுறது கிழவனுக்குப் பல்லுக் கட்டுற மாதிரி. சிரிக்கலாம், எலும்பு கடிக்கேலாது."

அப்பா பல்லுக் கட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேரே கதைப்பதில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "அக்கா, அத்தானிட்டச் சொல்லுங்கோ" என்பார். அத்தான் எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, "இஞ்சரும், உம்மட தம்பியிட்டச் சொல்லும்" என்பார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரராக நின்று களைத்து, ஒரு நாள் "எனக்கு அடுப்பில வேலை இருக்கு" என்று பதவி விலகினார். அப்போதுதான் இரண்டு பேருடைய கண்ணும் என்மேல் விழுந்தது.

"படிச்ச பிள்ளை சொல்லட்டும்" என்றார் மாமா.

"ஓம், பிள்ளை சொல்லட்டும்" என்றார் அப்பா. இரண்டு மாதத்தில் அவர்கள் உடன்பட்ட ஒரே விசயம் அதுதான்.

எனக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் அதைத் தவறவிட்டேன். "படகைப் பார்த்துப்போட்டுச் சொல்லுறன்" என்றேன், வைத்தியர் மாதிரி.

முகத்துவாரத்தில் படகு கட்டியிருந்த இடத்துக்கு அப்பாவோடு போகிற பஸ்சில் முழுக்க என்ஜின் திருத்துகிற வீடியோக்கள் பார்த்தேன். இறங்கும்போது என்னிடம் ஒரு சொல் இருந்தது: கொம்ப்ரெஷன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். சுமித் அய்யே என்று ஒரு சிங்கள அண்ணர்; அவருக்கு நான் நங்கி, அதாவது தங்கச்சி. யார் எதைச் சொன்னாலும் 'ஹரி' (சரி) என்று ஒத்துக்கொள்கிற தங்கமான மனிதர். உலகத்திலேயே ஆலோசனை கேட்கக் கூடாத ஆள்.

"கொம்ப்ரெஷன் எப்பிடி அய்யே?"

ஒரு மணிக்கூட்டு மாதிரிக் கருவியை என்ஜினில் பூட்டிக் காட்டினார். முள் ஓர் இடத்தில் நின்றது. நான் தலையை ஆட்டினேன். இன்னொரு துளையில் பூட்டினார். முள் வேறோர் இடத்தில் நின்றது. நான் இன்னும் கவலையாகத் தலையை ஆட்டினேன்.

"பிரிச்சுக் கட்டினால் சரிவருமோ?"

"ஹரி நங்கி."

"இல்லாட்டி மாத்தினால்?"

"ஏகத் ஹரி நங்கி." அதுவும் சரிதானாம்.

"நீங்க என்ன செய்வீங்க அய்யே?"

"நங்கி கியன விதியட்ட கரமு." நான் சொல்கிறபடி செய்யலாமாம்.

ஆனால் ஒரு விசயத்தை நான் என் கண்ணாலேயே கண்டேன். இடது பக்க என்ஜினின் மேல் மூடியைக் கழற்றியதும், உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியின் சுவரை உப்பு தின்று வைத்திருந்தது தெரிந்தது. சுமித் அய்யே ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டினார். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஓரம் உதிர்ந்தது. அதற்குப் புது ரிங் போட்டு என்ன பிரயோசனம்? பட்டம் தேவையில்லை, பிஸ்கட் சாப்பிட்ட எவருக்கும் அது விளங்கும். வலது என்ஜினும் அதே வயதுதான்; இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரு சோடி வாங்க வேண்டும் என்பதே பதில்.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்ஜினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, அதன் மேற்பக்கத்தைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கிற மாதிரி. "என்ன பிள்ளை, தேறுமோ?" என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது 'தேறாது' என்ற ஒரு சொல். "வீட்டில போய்ச் சொல்லுறன் அப்பா" என்றேன். வரும் வழியிலேயே என் மூளை ஒரு மகத்தான திட்டத்தை ஈன்றது.

அன்று மாலை இரண்டு பேரையும் இருத்தி வைத்து, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன். "படகில ரெண்டு பேருக்கும் சரிபாதி. என்ஜினும் ரெண்டு. இடது என்ஜின் அப்பாவின்ர பங்கு, அதைப் பிரிச்சுக் கட்டுவம். வலது என்ஜின் மாமாவின்ர பங்கு, அதை எடுத்துப்போட்டு ரீகண்டிஷன் போடுவம். ஆளுக்கொண்டு."

மாமா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "அத்தான், படிச்ச பிள்ளை எண்டால் படிச்ச பிள்ளைதான்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கட்லெட் பொரித்தார். காணிப் பிரிப்பில் வேலி போட்ட மாதிரி ஒரு படகுக்கு நடுவால் வேலி போட்டிருக்கிறோம் என்பது அந்தக் கட்லெட் வாசத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் இதை வகுப்பில் உதாரணமாகவே சொன்னேன். இரு தரப்பும் வெல்லும் தீர்மானம் என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டேன். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கை உயர்த்தியது.

"மிஸ், ரெண்டு என்ஜினும் ஒரே படகிலதானே?"

"கேள்வியளைக் கடைசியில கேளும்" என்றேன். மணி அடிக்கும்வரை கடைசி வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு ரயிலேறி, பஸ் மாறி, கொட்டாஞ்சேனை வரைக்கும் வந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தது. படுக்கும்போதும் பக்கத்தில் படுத்தது.

அப்பாவின் என்ஜின் விரைவாகவே கட்டி முடிந்தது. உதிர்ந்த இடத்தில் சுமித் அய்யே ஏதோ பசை பூசினார். ("ஹரித அய்யே?" "ஹரி நங்கி.") மாமாவின் என்ஜின்தான் வருகிறது வருகிறது என்று வராமலே இருந்து, திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் லொறியில் வந்து இறங்கியது. பழையதைவிட உருவத்தில் சிறியது, ஆனால் சீறியது. கியர்ப்பெட்டியும் வேறு மாதிரி. அவசர அவசரமாகப் பூட்டினார்கள். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வலது பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்துவிட்டது என்று மாமா சொல்ல, திரும்பவும் தெளித்தார்.

கடலில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. படகைக் கரையில் இறுக்கிக் கட்டிவைத்து இரண்டு என்ஜினையும் ஓட விட்டோம். இரண்டும் ஓடின. படகு அசையவில்லை. "பாத்தீங்களோ, ஒரு ஆட்டமும் இல்லை" என்றேன் நான். கட்டிய படகு எங்கே ஆடும்?

திருநாள் அன்று அப்பா வெள்ளைச் சட்டையோடு சுக்கானில் நின்றார். கடற்கரை முழுக்கச் சனம். தோரணம் கட்டிய மீன்பிடிப் படகுகள் எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. பாண்ட் வாத்தியக்காரர் ஒரு படகில், பாடகர் குழு இன்னொரு படகில். எங்கள் படகில் பூப்பந்தலுக்குக் கீழே மாதா சொரூபம், சுவாமியார், மாமா, நான். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். (தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பதவி.)

எங்கள் பவனிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதாவின் படகை வேறெந்தப் படகும் முந்தக்கூடாது, விலகிப் போகவும் கூடாது. மாதா எந்த வழியால் போகிறாவோ அந்த வழியால்தான் மற்றவர்கள் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு அவிழ்த்தார்கள். அப்பா இரண்டு என்ஜினின் வேக நெம்புகோல்களையும் ஒரே அளவுக்கு முன்னே தள்ளினார். மாமாவின் என்ஜின் பாய்ந்தது. அப்பாவின் என்ஜின் அதற்குப் பின்னால் பெருமூச்சு விட்டது. படகின் மூக்கு இடது பக்கம் திரும்பியது.

"அத்தான், நேர விடுங்கோ" என்றார் மாமா.

"நேரதான் விடுறன். உம்மட என்ஜின்தான் இழுக்குது."

"என்ர என்ஜின் ஓடுது. உங்கடதை ஓடச் சொல்லுங்கோ."

"ரெண்டு பேரும் மாதாவுக்கு முன்னால சண்டை பிடிக்காதேயுங்கோ" என்றார் சுவாமியார், உதடு அசையாமல், சனத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

சுக்கானை வலது பக்கம் முழுக்கத் திருப்பியும், ஊர்வல வேகத்தில் அது தண்ணீரைப் பிடிக்கவில்லை. வேகம் கூட்டவும் முடியாது, சொரூபம் ஆடும். மாமாவின் என்ஜினைக் குறைத்தால் இன்னொரு சண்டை வரும் என்று, அப்பா தன் என்ஜினை மட்டும் இன்னும் கொஞ்சம் முடுக்கினார். அது தன் சக்திக்கு மேல் உழைத்தது. சூட்டு முள் ஏறியது. சிவப்புக் கோட்டை நெருங்கியது. எனக்கு அந்தப் பிஸ்கட் ஓரம் கண்ணுக்குள் வந்தது. "அப்பா" என்றேன். "தெரியும் பிள்ளை" என்றார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்ஜின் அறையிலிருந்து வெள்ளை ஆவி வந்தது. இடது என்ஜின் ஒருமுறை இருமி, ஒருமுறை யோசித்து, நின்றுவிட்டது.

ஒற்றை என்ஜினோடு படகு இடது பக்கமாக வட்டமடிக்கத் தொடங்கியது.

"மற்றதையும் நிப்பாட்டுறன்" என்றார் அப்பா.

"நிப்பாட்டினால் அலை கொண்டுபோய்க் கல்லில அடிக்கும்" என்றார் மாமா. அணைக்கற்கள் அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தன.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த படகு எங்களைப் போலவே இடது பக்கம் திரும்பியது. அதற்குப் பின்னால் வந்ததும் திரும்பியது. பாண்ட் வாத்தியம் திரும்பியது. பாடகர் குழு பாடிக்கொண்டே திரும்பியது. வழக்கம் என்றால் வழக்கம். எங்கள் வட்டம் சிறியதாகையால், வரிசையின் தலை வரிசையின் வாலைப் பிடித்துவிட்டது. கடைசிப் படகில் இருந்த ஒரு மனிதர் பக்தியோடு எங்களுக்குக் கை கூப்பினார். அவர் எங்களுக்குப் பின்னால் வருகிறாரா முன்னால் போகிறாரா என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

கரையில் சனம் என்ன நினைத்தது என்கிறீர்கள்? மாதா கரையைப் பார்க்கும்போதெல்லாம் முழந்தாளிட்டது. மறு பக்கம் திரும்பியதும் எழும்பியது. திரும்பக் கரையைப் பார்க்க, திரும்ப முழந்தாளிட்டது. ஒலிபெருக்கி பிடித்திருந்தவர் கொஞ்சம் தடுமாறி, பிறகு சமாளித்து, "மாதா தன் பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறா" என்று அறிவித்தார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். சுவாமியாருக்குத் தலைசுற்றி, பூப்பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஆசீர்வதித்தார்.

கடைசியில் அப்பா சுக்கானை மாமாவின் கையில் கொடுத்தார். முன்பக்கம் போனார். கயிற்றைச் சுருட்டி, பக்கத்தில் வந்த படகுக்கு எறிந்தார். ஒரே எறிதான். அந்தப் படகுக்காரர் பிடித்துக் கட்டினார். மாமா என்ஜினை நிறுத்தினார். மிச்சப் பவனியை நாங்கள் இழுவையில் போய் முடித்தோம். அப்பா புதுச் சட்டையோடு முன்னால் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லோரும் சிரித்த அந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் சிரிக்க வராத இடம் அது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "பிள்ளை, நீ அந்த என்ஜினைத் திறந்து பாத்தனி எல்லோ. உனக்கு என்ன பட்டது?"

"செத்துப்போச்செண்டுதான் பட்டது அப்பா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்க அதைத் தடவிக்கொண்டு இருந்தனீங்கள்."

அப்பா என்னையே பார்த்தார். "நான் பக்கத்து வீட்டு நாயையும்தான் தடவுறனான். அதுக்காக அதைப் படகில பூட்டச் சொல்லுவனோ?"

அம்மா குசினிக்குள்ளிருந்து சிரித்த சத்தம் கேட்டது. பிறகு அப்பாவும் சிரித்தார். நான்தான் அழுதேன்.

இப்போது எங்கள் வீட்டில் எதற்கும் நடுவழி சொல்லக்கூடாது. மதியத்துக்குக் கோழியா மீனா என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சம் இரண்டும் செய்யலாமே என்று நான் வாய் திறந்தால், மாமா தலையை இடது பக்கமாக மெல்லத் திருப்பத் தொடங்குவார். எனக்கு இரண்டு சம்பந்தம் ஒரே கிழமையில் வந்தபோது, "இவளைக் கேக்காதேயுங்கோ, ரெண்டு மாப்பிள்ளையையும் ஒரே படகில ஏத்திப்போடுவாள்" என்றார். கனடாவில் இருக்கிற பெரியம்மா வீடியோ கோலில் இந்தக் கதையை மாதம் ஒருமுறை முதலிலிருந்து கேட்பார். கோயிலடியில் வயதான பெண்கள் இன்னமும் என் கையைப் பிடித்து, "இந்த முறையும் மாதா சுத்துவாவோ மகள்?" என்று ஏக்கத்தோடு கேட்கிறார்கள்.

இந்த முறையும் மாதாவைக் கொண்டுபோகச் சுவாமியார் அப்பாவைத்தான் கேட்டிருக்கிறார். ("வட்டமில்லாமல்" என்றும் சொல்லியிருக்கிறார்.) திருநாளுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் இருத்தி வைத்தேன். இந்த முறை நிற்கவில்லை, நானும் இருந்தேன். "ரெண்டு என்ஜினும் வேண்டாம். ஒரே இடத்தில, ஒரே மாதிரி, ஒரு சோடி வாங்குறம்" என்றேன்.

"என்ர என்ஜின் நல்லாத்தானே ஓடுது" என்றார் மாமா.

"ஓம் மாமா. அது மட்டும்தான் ஓடுது. அதுதான் பிரச்சினை."

மாமா கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் சொன்னதை மாற்றவில்லை. மூன்றாம் நாள் அப்பா என்னோடு முகத்துவாரத்துக்கு வந்தார். இடது என்ஜினைத் தூக்கி இறக்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாமாவும் முறைத்தபடியே "செய்யுறதைச் செய்" என்று ஒத்துக்கொள்ள, வலது என்ஜினை வாங்குகிற ஒருவரோடு பேசி முடித்து, நேற்று அதையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். புதுச் சோடிக்குச் சொல்லியாயிற்று. அடுத்த கிழமை வருகிறது. வந்தால் கரையில் கட்டிவைத்தல்ல, கடலில்தான் ஓட்டிப் பார்ப்பது. அப்பாதான் சுக்கான்.

படகு இப்போது என்ஜின் ஒன்றும் இல்லாமல் மிதக்கிறது. நாங்கள் வாங்கிய நாளிலிருந்து அது இவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை.